டர்போ காரில் பூஸ்ட் எல்லை மீறினால் எங்கிருந்து தேடுவது?

பளை தாண்டி ஆனையிறவை நோக்கிப் போகும் நேர்வீதியில் முன்னால் ஒரு லொறி. முந்துவதற்காகப் பெடலை ஆழ அழுத்துகிறீர்கள். கார் வழமைக்கு மேலான உந்தலோடு பாய்கிறது. அடுத்த கணம் இழுவை அறுந்து உங்கள் உடல் முன்னே சரிகிறது. மீண்டும் பாய்கிறது, மீண்டும் அறுகிறது. என்ஜின் விளக்கு எரியத் தொடங்குகிறது. பெடலை விட்டு மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியவில்லை. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) பூட்டிய வாகனத்தில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மிகை பூஸ்ட். அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலான காற்று என்ஜினுக்குள் போகிறது. அதைக் கண்ட காரின் கணினி, என்ஜினைக் காப்பாற்ற எரிபொருளை வெட்டுகிறது.

இந்த அறிகுறியோடு கராஜுக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது. அந்தப் பதிலை உடனே ஏற்க வேண்டாம். பழுதான டர்போ குறைந்த அழுத்தத்தைத் தரும், புகைக்கும், ஒயில் குடிக்கும், ஊளையிடும். அழுத்தம் கூடுகிறது என்றால் டர்போ நன்றாகவே சுழல்கிறது. அதை அடக்கும் ஏற்பாடுதான் தவறிவிட்டது. அந்த ஏற்பாடு சில சிறிய குழாய்கள், ஒரு வால்வு, ஒரு தகரக் குடுவை, ஒரு கம்பி, ஒரு மூடி ஆகியவற்றால் ஆனது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய டர்போ ஒன்றை வரவழைத்துப் பூட்டிய பிறகும் அதே குறை தொடர்ந்தால், பணம் போனது மட்டும் மிச்சம்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறன் சாதாரணமானதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, மிகுதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. மொரிஸ் மைனரின் குறையைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் பூஸ்ட் அழுத்தம் காதுக்கு அகப்படாது. அதை அளக்க வேண்டும். கருவி வாங்கப் பெரிய செலவில்லை. பொறுமைதான் கூடுதலாகத் தேவை.

அழுத்தத்தை அடக்குவது எது

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மறு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் புகை கூடும், புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் இந்தச் சுற்று தானாகவே ஏறிக்கொண்டு போகும்.

அதைத் தடுப்பது வேஸ்ட்கேட். தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது வாய்க்கால் நிரம்பி வழியப் பார்த்தால் வரம்பில் ஒரு வெட்டு வெட்டி மிகுதி நீரை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். வேஸ்ட்கேட் புகைக்குச் செய்வது அதுவே. குறித்த அழுத்தம் வந்ததும் மூடி திறந்து, புகையின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமல் சைலன்சர் பக்கம் போய்விடுகிறது.

மூடியைத் திறக்கும் குடுவைக்கு அக்சுவேட்டர் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு றப்பர்த் திரை. டர்போவின் காற்று வாயிலிருந்து ஒரு சிறு குழாய் இதற்கு வருகிறது. அழுத்தம் திரையைத் தள்ள, கம்பி நீண்டு மூடியைத் திறக்கிறது. இடையில் உள்ள சோலனொயிட் வால்வு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), கணினியின் கட்டளைப்படி அந்தக் காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி விடுகிறது. அப்போது மூடி தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். ஆகவே அக்சுவேட்டருக்கு வரவேண்டிய காற்று வழியில் எங்கே தொலைந்தாலும் பூஸ்ட் ஏறும். இதை மனதில் பதித்துக்கொண்டால் பின்வரும் சோதனைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். டர்போவின் காற்றுப் பக்கத்திலிருந்து குழாய் வந்தால் அது அழுத்தத்தால் இயங்குவது. வெற்றிடப் பம்பிலிருந்து குழாய் வந்தால் வெற்றிடத்தால் இயங்குவது. பல டீசல் வாகனங்களில் இதுதான். குழாயே இல்லாமல் மின்சாரச் செருகி மட்டும் இருந்தால் மோட்டாரால் இயங்குவது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. 660 சிசி ஜப்பானிய டர்போச் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது அந்த வகை.

குறியீட்டை அழிப்பதற்கு முன்

பெடலை ஆழ அழுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். எரிபொருள் வெட்டு ஒரு பாதுகாப்பு. அதில் மீண்டும் மீண்டும் போய் மோதுவது பிஸ்டனுக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும் நல்லதல்ல. ஒக்டேன் 92 பெற்றோலில் ஓடும் காரில் ஆபத்து இன்னும் கூட. அழுத்தம் ஏறும்போது எரிபொருள் நேரத்துக்கு முன் தானாகப் பற்றி, என்ஜினுக்குள் தட்டும் சத்தம் கேட்கும். 95 அடித்தால் தட்டல் குறையலாம். குறை அப்படியே இருக்கும்.

பிறகு, கணினி பதிந்து வைத்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கானரைச் செருகுங்கள். இஎல்எம் 327 வகை சிறு கருவியும் ஒரு கைபேசிச் செயலியும் தொடக்கத்துக்குப் போதும். பி 0234 என்பது மிகை பூஸ்டின் குறியீடு. பி 0243, 0245, 0246 என்பவை வேஸ்ட்கேட் சோலனொயிட்டின் மின்சுற்றைக் காட்டுபவை. அவை சேர்ந்து வந்தால் வயரையும் செருகியையும் முதலில் பாருங்கள். பி 0236 அல்லது 0106 வந்தால் அழுத்த சென்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். குறியீடு பதிவான கணத்தில் என்ஜின் வேகம், சுமை, வாகன வேகம் என்ன என்பதையும் கணினி உறைய வைத்து வைத்திருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். கராஜில் வாகனத்தைக் கொடுத்ததும் குறியீட்டை அழிப்பதுதான் பலருக்கு முதல் வேலை. அழித்தால் அந்தத் தகவலும் போய்விடும்.

காட்டும் எண் உண்மையா

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் செய்து, ஸ்கானரில் உள்வாங்கு அழுத்தத்தை (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) பாருங்கள். என்ஜின் ஓடாதபோது அங்கே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே. குடாநாடு கடல் மட்டத்தை ஒட்டிய தட்டை நிலம் என்பது நமக்கு ஒரு வசதி. நுவரெலியாவில் உள்ளவர் உயரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே எண் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் கவலை இல்லை. 115, 120 என்று காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது, அல்லது அதன் வயரில் குறை. டர்போவைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். சூடேறிய பெற்றோல் என்ஜினில் 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். டீசலில் அப்படி இறங்காது. 100 அண்டியே நிற்கும், அது இயல்பு.

ஸ்கானர் காட்டுவது முழு அழுத்தம், வெளிக்காற்றையும் சேர்த்து. பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ளது மட்டும். ஸ்கானரில் 200 கிலோபாஸ்கல் என்றால் மீட்டரில் ஏறக்குறைய 1 பார், அல்லது 14.5 பிஎஸ்ஐ. இந்த வித்தியாசம் தெரியாமல் "2 பார் பூஸ்ட் வருகிறது" என்று பதறியவர்கள் உண்டு. இன்னொன்று: பொதுவான ஓபிடி முறையில் (ஸ்கானர் காரின் கணினியோடு பேசும் முறை) இந்த எண் 255க்கு மேல் காட்டாது. 255இல் ஒட்டிக்கொண்டு நின்றால் உண்மையான அழுத்தம் அதற்கும் மேலே இருக்கலாம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கார்கள் சில, பொதுவான ஓபிடிக்குச் சரியாகப் பதில் சொல்வதும் இல்லை. அப்படியானால் த்ரொட்டிலுக்கு (பெடலுக்கேற்ப காற்றை விடும் மூடி) பின்னால் உள்ள சிறு வெற்றிடக் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு, முள் வைத்த பூஸ்ட் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். சென்சர் சொல்வதையும் முள் சொல்வதையும் ஒப்பிடவும் அது உதவும்.

வீதியில் ஒரு சோதனை

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்த்துப் பதிய வேண்டும். நகரத்துக்குள் வேண்டாம், சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் வீதி இதற்கு இடமல்ல. ஏ9 வீதியில் வாகனம் குறைந்த நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான துண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 70 வரை போனாலே வேண்டிய தகவல் கிடைத்துவிடும். சட்ட வேகத்தைத் தாண்டத் தேவையில்லை. பெடலைப் படிப்படியாக அழுத்துங்கள். எண் எல்லையை நெருங்கியதும் விட்டுவிடுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள பெற்றோல் டர்போ கார்கள் பலவற்றில் முழுப் பெடலில் 160 முதல் 230 கிலோபாஸ்கல் வரை வரலாம். உங்கள் காருக்குரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உச்ச எண்ணைவிட, அது எப்படி ஏறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பெடலை அழுத்தியதும் எங்கும் நிற்காமல் எரிபொருள் வெட்டும் வரை ஏறினால், வேஸ்ட்கேட் திறக்கவே இல்லை. குழாய் கழன்றிருக்கலாம், திரை கிழிந்திருக்கலாம், மூடி இறுகியிருக்கலாம். ஒரு கணம் மட்டும் எல்லை தாண்டிப் பிறகு சரியான அளவுக்கு இறங்கி நின்றால், திறக்கிறது, ஆனால் தாமதம். சோலனொயிட் ஒட்டுகிறது, அல்லது கம்பி இழுபடுகிறது. என்ஜின் வேகம் கூடக் கூட மெல்ல மெல்ல ஏறினால், மூடி திறந்தும் புகை முழுவதும் வெளியேற வழி போதவில்லை. பெரிய சைலன்சர் மாற்றியவர்களும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் பெட்டியைக் கழற்றி எறிந்தவர்களும் இந்த மூன்றாம் வகையை அடிக்கடி சந்திப்பார்கள். சிவிடி கியர் (படிகள் இல்லாத தானியங்கி கியர்) உள்ள கார்களில் என்ஜின் வேகம் ஒரே இடத்தில் நிற்பதால் இந்த மூன்றாவது வகை தெளிவாகத் தெரியாது. எல் நிலையில் வைத்துப் பாருங்கள்.

குழாய்கள்

என்ஜின் நன்றாக ஆறட்டும். டர்போவின் புகைப் பக்கம் பல நூறு பாகை வரை சூடேறுவது. நிறுத்திய பிறகும் நெடுநேரம் கையைச் சுடும்.

அக்சுவேட்டரில் தொடங்கிக் காற்று வாய் வரை குழாயை விரலால் பின்தொடருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது. டர்போவின் சூடு ஒருபக்கம், நம்முடைய வெயில் மறுபக்கம். றப்பர் வெளியே கறுப்பாகவே இருக்கும், வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். கிளிப் இருக்கும் இடத்துக்கு அடியில்தான் பெரும்பாலும் வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு முனையையும் கழற்றி, உள்ளே பாருங்கள். கழற்றுவதற்கு முன் எந்தக் குழாய் எந்த வாயில் இருந்தது என்று படம் எடுங்கள். சோலனொயிட்டின் மூன்று வாய்களில் இரண்டை மாற்றிப் பூட்டினாலே மிகை பூஸ்ட் வரும். அண்மையில் என்ஜின் வேலை செய்த வாகனமாக இருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

வெடித்த குழாய்க்குப் பதிலாக சைக்கிள் வால்வு டியூபைச் சொருகிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது மெல்லிய றப்பர். அழுத்தம் வந்ததும் ஊதிப் பருக்கும், சூட்டில் சில நாட்களில் பசையாகும். நூல் பின்னல் உள்ள வெற்றிடக் குழாய் அல்லது சிலிக்கன் குழாய் வாங்குங்கள். விட்டத்தைப் பழைய துண்டோடு ஒப்பிட்டு வாங்கி, முனைகளுக்குக் கிளிப் போடுங்கள்.

பழைய குழாயை எறிவதற்கு முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சில கார்களில் குழாய்க்குள்ளே ஊசித் துளை அளவு ஓட்டை உள்ள ஒரு சிறு பித்தளைத் துண்டு இருக்கும். சோலனொயிட் வேலை செய்வதற்கு அந்தத் துளை அவசியம். அதில் ஒயில் பிசுக்கு அடைத்தால் அக்சுவேட்டருக்குக் காற்று போகாது; பூஸ்ட் எல்லை மீறும். துண்டே தொலைந்துபோனால் மறுதலை, பூஸ்ட் வராது. சுத்தம் செய்து புதிய குழாய்க்குள் அதே இடத்தில், அதே பக்கமாக வையுங்கள். துளையைப் பெரிதாக்க வேண்டாம்.

குறையைப் பாதியாகப் பிரிக்கும் சோதனை

குழாய்கள் எல்லாம் சரி, குறை இன்னும் இருக்கிறது. இப்போது சோலனொயிட்டை வழியிலிருந்து விலக்கிவிடுங்கள். டர்போவின் காற்று வாயிலிருந்து அக்சுவேட்டருக்கு ஒரே குழாயை நேராக இணைத்து, மிஞ்சிய வாய்களை மூடுங்கள். சோலனொயிட்டின் மின்செருகி அப்படியே இருக்கட்டும். மீண்டும் அதே வீதியில், அதே கியரில் ஓட்டுங்கள்.

பூஸ்ட் தாழ்ந்த ஓர் அளவில் அசையாமல் நின்றால் (பல பெற்றோல் கார்களில் 0.5 பார் அண்டி), ஸ்பிரிங், திரை, கம்பி, மூடி எல்லாம் நலம். குறை சோலனொயிட்டில் அல்லது அதன் வயரில். குறைந்த பூஸ்ட் என்று பி 0299 குறியீடு வரக்கூடும். சோதனைக்காக நாமே குறைத்தது அது, பயப்பட வேண்டாம். அப்போதும் ஏறினால் குறை டர்போவோடு பூட்டிய பகுதியில். வெற்றிட வகையிலும் மோட்டார் வகையிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

கராஜில் கொடுத்திருந்தாலும் இதைக் கேட்கலாம். "அண்ணை, டர்போவைக் கழற்றுவதற்கு முன்னர் சோலனொயிட்டை விலக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமா?" நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். அரை மணி நேர வேலை.

சோலனொயிட்டைத் தனியாகப் பார்ப்பது எளிது. இரண்டு முனைகளுக்கும் இடையிலான மின்தடையை மீட்டரால் அளங்கள். பெரும்பாலும் 20 முதல் 40 ஓம், சரியான எண் கையேட்டில் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று கேட்க வேண்டும். மின் கொடுத்தபோதும் கொடுக்காதபோதும் வாயால் ஊதிப் பாருங்கள். காற்றின் வழி மாற வேண்டும். டிக் என்று கேட்டும் வழி மாறவில்லை என்றால் உள்ளே ஒயில் பிசுக்கு ஒட்டியிருக்கிறது.

அக்சுவேட்டரும் மூடியும்

இதற்கு சைக்கிள் பம்ப் போதும், ஆனால் அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ளதாக இருக்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கொம்ப்ரசரைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஒரே ஊதலில் திரை கிழியும். மெதுவாக அடியுங்கள், 1 பாருக்கு மேல் போக வேண்டாம். கம்பியில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கோட்டையே பாருங்கள். எந்த அழுத்தத்தில் அது அசையத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது, காற்றை விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பதை நிறுத்தியதும் முள் இறங்கினால் திரை கசிகிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி அசையவில்லை என்றால் மூடி இறுகியிருக்கிறது.

இறுகிய மூடியை யாழ்ப்பாணத்தில் நான் தனியாக வலியுறுத்தக் காரணம் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில், கார் வீட்டு முற்றத்தில் தறப்பாளின் கீழ் மாதக் கணக்கில் நிற்கும். கடல் காற்றின் உப்பும் மாரியின் ஈரமும் மூடியின் அச்சிலும் கம்பியின் முனையிலும் துருவாக இறங்கும். ஊருக்கு வந்ததும் பற்றரியை மாற்றி, நேரே நெடும்பயணம் புறப்படுகிறார்கள். அப்போதுதான் வேஸ்ட்கேட் அசைய மறுக்கிறது. அப்படி நின்ற வாகனத்தில் கம்பியின் பூட்டைக் கழற்றி, மூடியின் கையைத் தனியாக விரலால் அசைத்துப் பாருங்கள். வழுவழுவென்று போய்வர வேண்டும். இறுகியிருந்தால் துரு இளக்கும் ஒயிலை அச்சில் விட்டு, ஊற விட்டு, மெல்ல மெல்ல அசைத்து விடுவிக்கலாம். சுத்தியல் வேண்டாம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த ஒயில் எரிந்து புகைக்கும் என்பதால் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கம்பியின் நீளத்தை மாற்றும் மரையை, அளவு தெரியாமல் திருகாதீர்கள். கம்பியைச் சுருக்கினால் மூடி கூடுதல் இறுக்கத்தோடு மூடும், பூஸ்ட் கூடும். பழைய டர்போ வாங்கிப் பூட்டியவர்களுக்கு இது பொருந்தும்: வேறு மாடலின் அக்சுவேட்டர், அல்லது யாரோ முன்பே திருகிய கம்பி அதில் இருக்கலாம்.

டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கு

பல டீசல் டர்போக்களில் வேஸ்ட்கேட் இல்லை. சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் இருக்கும். அவை ஒடுங்கினால் பூஸ்ட் கூடும், விரிந்தால் குறையும். கரி படிந்து ஒடுங்கிய நிலையில் இதழ்கள் ஒட்டிக்கொள்வதுதான் மிகை பூஸ்டுக்குப் பொதுவான காரணம். ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் வாகனத்தில் கரி கூடப் படியும். வெற்றிடக் குழாய் வெடித்தால் பெரும்பாலும் பூஸ்ட் குறையுமே தவிரக் கூடாது. ஆகவே இங்கே தேடலைக் குழாயில் தொடங்காமல் இதழ்களின் கையிலும், வெற்றிடத்தை விடுவிக்கும் வால்விலும், அதன் சிறு காற்று வடிகட்டியிலும் தொடங்குங்கள். மோட்டார் வகையானால், கணினி கேட்கும் நிலையையும் உண்மையான நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்கானர் தேவை. அது உள்ள கராஜுக்குப் போங்கள்.

செய்யவே கூடாத ஒன்று

எரிபொருள் வெட்டு வராமல் இருக்க அழுத்த சென்சரை ஏமாற்றும் சிறு மின்பெட்டிகள் உண்டு. குழாயில் சிறு வால்வு ஒன்றை வைத்துச் செய்யும் ஏமாற்றும் உண்டு. கணினிக்குத் தெரியாமல் காற்று கூடும், அதற்கேற்ற எரிபொருள் வராது. பிஸ்டன் உருகுவது அப்படித்தான். யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திருத்திய பிறகு

குறியீட்டை அழித்து, அதே வீதியில் அதே கியரில் மீண்டும் அளவெடுங்கள். பூஸ்ட் ஏறி, தன் அளவில் நின்று, பெடலை விட்டதும் இறங்க வேண்டும். நீண்ட காலம் மிகை பூஸ்டோடு ஓடிய பெற்றோல் காரானால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் அளவில் பளபளக்கும் புள்ளிகள் இருந்தால் பிஸ்டனின் அலுமினியம் உதிர்ந்திருக்கிறது. சிலிண்டர்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்கும் கொம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் அந்தக் காரை நெடுந்தூரம் எடுக்க வேண்டாம். பீங்கான் சுத்தமாக இருந்தால் பிளக்குகளைத் திரும்பப் பூட்டி, புதிய குழாயின் கிளிப்புகளை ஒரு வாரம் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூட்டில் றப்பர் படிந்து கிளிப் தளர்வது புதிய குழாயில்தான் அதிகம்.